உகந்தை மலையிலிருந்து தெரியும் கரை



கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குப் போகிற பஸ் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர் ஊராகத் தாண்டும்போது ஏற்றம் என்று சொல்லத்தக்க எதையும் சந்திப்பதில்லை. இடப்பக்கம் வீடுகளுக்குப் பின்னால் கடல். வலப்பக்கம் வெள்ளாமை வட்டை. திருக்கோவில் தாண்டிய பிறகுதான் நிலம் வேறு முகம் காட்டத் தொடங்கும். காட்டு மரங்களுக்கு மேலாகக் கறுத்த பாறைகள் தெரியும். பொத்துவில், அறுகம்பை, பாணமை என்று தெற்கே போகப் போக அவை கடலை நெருங்கி வரும். உகந்தையில் பாறை கடற்கரை மணலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது.

இந்தக் கரையோரத்து மக்கள், முஸ்லிம்களானாலும் தமிழரானாலும், கடலை அறிந்த அளவுக்கு இந்த மலைகளை அறியவில்லை. இன்றைய பேச்சு அந்தக் குறையைப் பற்றியது. சுற்றுலா என்றால் ஒரு குடும்பத்துக்கு முதலில் நினைவு வருவது நுவரெலியாவும் சிகிரியாவும்தான். அறுகம்பைக்குப் போனாலும் கடலில் கால் நனைத்து, சமைத்துக் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, பொழுது சாயத் திரும்பிவிடுவார்கள். அதே அறுகம்பைக்கு அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அலைச்சறுக்க வருகிற இளைஞர்கள் பாறையேறி, கடலிலிருந்து சூரியன் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அழகான ஒரு காலை. இந்தக் கரையில் பிறந்தவர் ஏறினால், தான் வாழும் நிலம் எப்படிக் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். கடற்கரை மணலில் நிற்பவரின் அடிவானம் 5 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் முடிந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றர் உயரத்தில் நின்றால் அது சுமார் 36 கிலோமீற்றருக்கு விலகிப் போகும்.

முதலில் மலையின் வரலாறு. இலங்கையின் கிழக்குப் பகுதி, புவிச்சரிதவியலாளர் 'விஜயன் தொகுதி' என்று அழைக்கும் மிகப் பழைய பாறைகளால் ஆனது. அவற்றின் வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. ஒரு காலத்தில் நிலத்துக்கடியில் வெகு ஆழத்தில் கிடந்தவை அவை. மேலிருந்ததையெல்லாம் மழையும் ஆறுகளும் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோக, வெடிப்புக் குறைந்த கடினமான திரள்கள் மட்டும் அரிபடாமல் தனித்தனியே நின்றுவிட்டன. மேலிருந்த பாரம் நீங்கியதால் பாறை மெல்ல விரிந்து, அதன் மேற்பரப்பு தகடு தகடாக உரிகிறது. காட்டுக்கு நடுவே மொட்டையாக எழும் பாறைகளுக்கு அவற்றின் உருண்டை வடிவம் வந்தது இந்த உரிதலால்.

ஏறப் போகிறவர் மனதில் வைக்க வேண்டியதும் இந்த வடிவத்தைத்தான். இது கவிழ்த்து வைத்த சட்டியின் வடிவம். உச்சி பரந்து கிடக்கும். விளிம்பை நோக்கி வர வரச் சரிவு கூடும். ஏறும்போது கடினமான இடம் முதலிலேயே வந்துவிடுவதால், மேலே போகப் போக மனதில் தைரியம் பிறக்கும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். அடுத்த நான்கு எட்டும் சமதரையாகத் தெரியும். ஐந்தாவது எட்டு கண்ணுக்கே தெரியாது. குறுக்குவழி என்று நினைத்து வந்த பாதையை விட்டு இறங்குகிறவர், கீழே போகவும் மேலே திரும்பவும் முடியாத ஓரிடத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஏறும்போதே அடிக்கடி நின்று, திரும்பி, இறங்க வேண்டிய பாதை மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாறையில் மழைநீர் வடிந்த தடங்கள் கறுப்புக் கோடுகளாக இருக்கும். அந்தக் கறுப்பு நுண்ணிய பாசி. காய்ந்திருக்கும்போது காலுக்குப் பிடிப்புண்டு. ஒரு தூறல் விழுந்தால் போதும், அதன்மேல் எந்தச் சப்பாத்தும் நிற்காது.

உகந்தை மலை உயரத்தால் பெரியதல்ல. அடிவாரத்தில் முருகன் கோயில், மலைமேல் வள்ளியம்மன் கோயில், இடையில் வெறும் பாறை. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கிச் சுனைகளாகியிருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு சுனையின் ஓரத்தில் குந்தியிருந்து பார்ப்பது, உச்சிக்கு ஓடுவதைவிடப் பயனுள்ளது. தண்ணீர் வற்ற வற்ற விட்டுச்சென்ற வெளிறிய கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பாறையில் படிந்திருக்கும். மாரி முடிந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவற்றைப் பார்த்தே சொல்லலாம். அடியில் மக்கிய இலை, அதற்குள் வாற்பேத்தைகள். பக்கத்து வெடிப்பில் சேர்ந்த ஒரு பிடி மண்ணை நம்பிச் சதுரக்கள்ளி ஒன்று வேர் விட்டிருக்கும். கோடையில் பறவைக்கும் குரங்குக்கும் இதுதான் தண்ணீர். அதில் கால் கழுவுவதும் சவர்க்காரம் போடுவதும் பெரும் பிழை.

இந்த மலையடிவாரத்துக்கு ஆண்டுதோறும் நடந்தே வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை என்று கரையோரமாகவே வந்து, காட்டுப்பாதை திறக்கும்வரை உகந்தையில் தங்குகிறார்கள். அதன் பிறகு குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று குமணக் காட்டுக்குள்ளும் யாலக் காட்டுக்குள்ளும் நடை. வெயிலில் வரும் அந்தச் சாமிமாருக்கு இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களில் தண்ணீரும் சர்பத்தும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவர்கள் போய்ச் சேரும் கதிர்காமத்திலும் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. போர்க்காலத்தில் இரு சமூகங்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த இந்தக் கரையில், ஒரு குவளைத் தண்ணீர் சிறிய காரியமல்ல.

மலையேறுவது முஸ்லிம்களுக்குப் புதிய காரியம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல், காற்று மாறி இலங்கையின் மேற்குக் கரையில் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்டார். பாவா ஆதம் மலையின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்பதைத் தவிர அந்த மொரோக்கோ நாட்டவர் வேறொன்றும் கேட்கவில்லை. மன்னர் அவருக்குப் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், பிராமணர்களும், சுமை தூக்குவோரும் கொடுத்து அனுப்பினார். முஸ்லிம் பயணி, தமிழ் மன்னர், யோகி வழிகாட்டி, மேலே பௌத்தர் வணங்கும் பாதம். இலங்கையின் மலையேற்ற வரலாற்றில் இதற்கு நிகரான பயணக்கூட்டம் ஒன்று இருக்குமா என்பது சந்தேகம்.

அவருடைய குறிப்புகளில் ஏறுகிறவனின் உடம்பு தெரிகிறது. அட்டைக்கடியையும், அதற்கு எலுமிச்சம்பழம் பிழிகிற உள்ளூர் வைத்தியத்தையும் எழுதுகிறார். பாறையில் வெட்டிய படிகளையும், இரும்பு முளைகளில் தொங்கவிட்ட பத்துச் சங்கிலிகளையும் எழுதுகிறார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அந்த இடத்துக்கு வந்து கீழே பார்க்கிறவருக்குத் தலை சுற்றி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமாச் சொல்லும் என்பதால் வந்த பெயர் அது. 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலையின் பயத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு.

இன்றும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற நம் ஊர்ப் பெரியவர்களில் பலர், இங்கே ஒரு மேட்டிலும் ஏறாதவர்கள், மக்காவில் ஹிரா குகையைக் காண ஜபலுந் நூரில் ஏறிவிட்டு வருகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 640 மீற்றர் உயரமான மலை அது. வெயில் ஏறுமுன் ஏறி இறங்க வேண்டும், தண்ணீர் கையில் வேண்டும், முழங்கால் நோகும்போது உட்கார வேண்டும் என்று திரும்பி வந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். உகந்தைக்கும் குடும்பிகலவுக்கும் அதே விதிதான்.

குடும்பிகல பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் காட்டுக்குள் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பிராமிச் சாசனங்கள் கொண்ட குகைகளும், பாறையில் வெட்டிய படிகளும், உச்சியில் உருளை வடிவத்தில் ஒரு சிறு தாதுகோபமும் உண்டு. கைப்பிடியில்லாத படிகள். இன்றும் பிக்குகள் தியானம் செய்து வாழும் ஆரண்யம் அது. மேலே நின்றால் ஒரு பக்கம் குமணக் காடு பச்சையாக விரிந்து கிடக்கும், மறுபக்கம் கடல்.

அங்கே நின்று பார்க்கும்போதுதான் இந்தக் கரையின் அமைப்பு விளங்குகிறது. காட்டிலிருந்து வரும் சிற்றாறு நேரே கடலில் விழுவதில்லை. கரைக்கு அண்மையில் களப்பாக விரிந்து, மணல் திட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது. கோடையில் முகத்துவாரம் மூடிக் கிடக்கும். மாரியில் வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும். கல்முனையிலும் காரைதீவிலும் வட்டை நீரில் மூழ்கும்போது முகத்துவாரத்தை வெட்டு என்று ஏன் குரல் எழுகிறது என்பதற்கு, மேலிருந்து பார்ப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. அலைக்கும் களப்புக்கும் நடுவே மணல்மேடு ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். நம் ஊர்கள் எல்லாம் அப்படிப்பட்ட ஒரு கோட்டின்மேல்தான் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26 காலை சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை இந்தக் கரைக்கு வந்துவிட்டது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டம் அதிக உயிர்களைக் கொடுத்தது, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகள் நின்ற இடத்தில் அத்திவாரங்கள் மட்டும் எஞ்சின. ஓடி ஏற ஒரு மேடு இல்லை. ஆனால் மணல்மேடு என்ன செய்யும் என்பதற்கு அந்த நாளே ஒரு சான்றும் தந்தது. யாலவில் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றிய ஒரு ஹோட்டல் அடியோடு அழிந்ததையும், மேடு குலையாத பக்கத்து இடங்கள் தப்பியதையும் அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மணல் ஏற்றப் போகும் ஒரு ட்ரக்டர் நம் கரையில் எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிற பிள்ளையைவிட, பாறை உச்சியிலிருந்து பார்த்த பிள்ளை நன்றாக அறியும்.

மேலிருந்து கடலைப் பார்க்கிறவரும் இப்படி ஒன்றை அறிய வேண்டும். இலங்கையின் கிழக்கு முனை திருக்கோவிலுக்குத் தெற்கே உள்ள சங்கமன்கண்டி. 2020 செப்டெம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்கு 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் போன 'நியூ டயமண்ட்' கப்பல் தீப்பிடித்தது அந்த முனைக்கு அப்பால் 38 கடல் மைல் தூரத்தில். எண்ணெய்த் தாங்கிகள் உடைந்திருந்தால் இந்தக் கரையின் கரைவலைத் தொழில் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. நமக்கு முன்னால் கிடப்பது நெத்தலியும் சூரையும் தருகிற கடல் மட்டுமல்ல, பெருங்கப்பல்கள் ஓடும் பாதையும்கூட.

மலையில் எப்படி நடந்துகொள்வது என்பதில் கசப்பான ஒரு பாடத்தையும் சொல்லியாக வேண்டும். 2019 ஜனவரியில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எட்டு மாணவர்கள், ஹொரவப்பொத்தானைக்கு அருகே கிரலாகல தாதுகோபத்தின்மேல் ஏறி நின்று எடுத்த பழைய படமொன்றுக்காகக் கைதானார்கள். விளக்கமறியலில் வைக்கப்பட்டு, பின்னர் தண்டப்பணம் கட்டி வெளியே வந்தார்கள். எவரையும் புண்படுத்தும் எண்ணத்தோடு அவர்கள் ஏறியதாகத் தெரியவில்லை. செங்கல் குவியலாக நிற்பது ஒரு வழிபாட்டுச் சின்னம் என்று எடுத்துச் சொல்ல அந்த வேளையில் பக்கத்தில் எவரும் இருந்ததாகவும் தெரியவில்லை. நம் கரையோரப் பாறைகளில் பெரும்பாலும் ஏதாவதொரு சின்னம் உண்டு: ஒரு குகைச் சாசனம், ஒரு வேல், சிதைந்த செங்கல் கட்டு. எதன்மேலும் ஏறக்கூடாது, எதிலும் பெயர் கீறக்கூடாது, சப்பாத்தைக் கழற்றச் சொல்லும் இடத்தில் கழற்ற வேண்டும், தியானம் நடக்கும் இடத்தில் சத்தம் கூடாது. காணி பற்றியும் தொல்பொருள் எல்லைகள் பற்றியும் இந்த மாவட்டத்தில் உண்மையான மனக்குறைகள் இருக்கின்றன. அவற்றைப் பேச வேண்டிய மேடைகளில் உறுதியாகப் பேசத்தான் வேண்டும். ஒரு பிள்ளையின் படத்தை அந்தச் சண்டைக்குள் போக விடக்கூடாது.

இனிப் பருவம். நவம்பர் முதல் ஜனவரி முடியும்வரை வாடைக்காற்றின் மழை. பாறை வழுக்கும், ஆறுகள் பெருகும். மே தொடக்கம் கச்சான் வீசும் மாதங்களில் பாறை காய்ந்திருக்கும், ஆனால் காலை ஒன்பது மணிக்கே உள்ளங்காலைச் சுடும். கல்முனையிலிருந்து உகந்தை சுமார் 100 கிலோமீற்றர். அன்றைக்கே புறப்பட்டு அன்றைக்கே ஏறினால் நடுவெயிலில்தான் ஏற வேண்டிவரும். பொத்துவிலில் தங்கி, ஸுபஹ் தொழுதுவிட்டு, நிலம் வெளுத்த பிறகு பாணமை வீதியால் போவது சரி. இருட்டில் போகவே கூடாது, அது யானை நடமாடும் வீதி. கூட வருகிறவர்கள் சூரிய உதயத்தை மேலிருந்து பார்க்க ஆசைப்படுவார்கள். அந்த ஆசைக்காக ஓட்டோவில் யானைக்கு முன்னால் போய் நிற்பது புத்தியில்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீராவது வேண்டும். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் அந்த மரங்களைத் தேடி வரும் என்பதால் தனியே காட்டுக்குள் ஒதுங்கக்கூடாது. பாறை விளிம்பில் மலைத்தேன் வதை தொங்கினால் புகை, வாசனைத் திரவியம், கூச்சல் மூன்றும் ஆகாது. சிகிரியாவில் தேனீ கலைந்து எத்தனையோ முறை ஆட்கள் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை அடிவாரத்தில் இருத்திவிட்டு ஆண்கள் மட்டும் ஏறுவது நியாயமில்லை. கல்முனை ஸாஹிராக் கல்லூரி மாணவனுக்குத் தேவையான அறிவு மஹ்மூத் மகளிர் கல்லூரி மாணவிக்கும் தேவை. அபாயாவின் கீழ்விளிம்பு காலில் தடுக்காமல் இருக்க உள்ளே காற்சட்டையும், பிடிப்புள்ள சப்பாத்தும், கூட இரண்டு ஆசிரியைகளும் இருந்தால் உகந்தையில் அவர்களால் ஏற முடியாத இடம் ஒன்றுமில்லை.

மலைநாட்டில் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாகக் குறியிட்ட பீக்கோ நடைபாதையை 2023இல் திறந்தார்கள். அதனால் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வழிகாட்டி வேலையும் கிடைக்கிறது. மொரிஷியஸ் தீவில் கடலோரத்தில் செங்குத்தாக எழும் லு மோர்ன் மலை, அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம். 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது.  நம் கரையில் குறியிட்ட பாதையும் இல்லை, கதை சொல்லும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இல்லை. சீமெந்துப் படியும் இரும்புக் கைப்பிடியும் கட்ட வேண்டாம். அவை பாறையைக் கெடுக்கும், ஏறுகிறவரின் கவனத்தையும் கெடுக்கும். பொத்துவில், பாணமை, கோமாரி இளைஞர்கள் பத்துப் பேருக்குச் சாசனம், பறவை, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி கொடுத்து, வனஜீவராசிகள் திணைக்களமும் தொல்பொருள் திணைக்களமும் அனுமதி அட்டை வழங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பத்துப் பேரில் மூன்று மொழியும் மூன்று சமயமும் இருக்க வேண்டும்.

மீதிப் பாதி கல்முனையிலேயே செய்யக்கூடியது. மலையிலிருந்து கடல் தூரத்துக்குத் தெரிகிறதென்றால், கடலிலிருந்து மலையும் அதே தூரத்துக்குத் தெரியும். சியம்பலாண்டுவைக்கு அருகே 550 மீற்றருக்கு மேல் உயர்ந்த கோவிந்தஹெலவுக்கு 'வெஸ்ட்மின்ஸ்டர் அபே' என்றும், இன்னொரு குன்றுக்குத் 'துறவியின் முக்காடு' என்ற பொருளில் ஆங்கிலப் பெயரும் வந்தது, ஐரோப்பிய மாலுமிகள் கரையை அடையாளம் காண அவற்றை நம்பியதால். நம் படகுத் தலைவர்களான தண்டயல்மாரும் அதைத்தான் செய்தார்கள். தூரத்து மலை ஒன்றையும் கரையில் நிற்கும் பனையையோ பள்ளி மினாராவையோ ஒரே நேர்கோட்டில் பிடித்து, கடலுக்கடியில் உள்ள பாறைத்திட்டான பாரின் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎஸ் கருவி வந்த பிறகு அந்தக் கணக்கு இளையவர்களுக்குத் தேவைப்படவில்லை. அதை அறிந்தவர்கள் இன்னும் கடற்கரைப் பள்ளி நிழலில் வலை பொத்திக்கொண்டிருக்கிறார்கள். பாடசாலைகள் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகுமுன் அவர்களிடம் அனுப்பட்டும். மலையிலிருந்து திரும்பி வந்ததும், எடுத்த படங்களோடு மறுபடியும் அவர்களிடம் அனுப்பட்டும். கேட்க வேண்டியது இதுதான்: எந்தப் பாறையை எதோடு சேர்த்துப் பிடித்தீர்கள், அந்தப் பாருக்கு என்ன பெயர், எந்த மாதம் அங்கே என்ன மீன் பட்டது. பதில்களைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி, கீழே நாளும் ஊரும் போட்டு, பாடசாலை நூலகத்தில் வைக்கட்டும்.